வழுக்காணும் கல்வி

நம் இந்துக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையையே என்பதை யாம் அறிவோம். குறிஞ்சித் திணையைப் பற்றியோ மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களைப் பற்றியோ பத்துப் பக்கம் எழுதுதல் எமக்கு அரிதன்று. எனினும் சில காலமாக எம் உள்ளத்தை விட்டகலாது நிற்கும் பொருள் வேறு. புதிதாகப் பூட்டிய கணினியொன்றிற் பணிசெயல் முறைமையை நிறுவப் புகுந்து, பதினொரு நாள் தோற்றுப் பன்னிரண்டாம் நாள் வென்ற கதை அது. "தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அந்நகைப்புக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம். அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

யாம் பணிபுரிவது பட்டிப்பொலப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில். பதுளைப் புகையிரதப் பாதையில், கடல்மட்டத்துக்கு மேல் 6,200 அடிக்கும் அதிகமான உயரத்தில், இலங்கையிலேயே மிக உயர்ந்த நிலையமாக விளங்குவது பட்டிப்பொல. ஓட்டன் சமவெளிக்குச் செல்வோர் இறங்கிச் செல்லும் இடமென்றே பலரும் அதனை அறிவர். எம் மாணாக்கர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் மரக்கறித் தோட்டத்துப் பிள்ளைகளும் ஆவர். அவர்களுக்கென நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் இருப்போர், பணம் திரட்டி அனுப்பினர். பூட்டிய கணினியை வாங்கினால் ஒன்று. பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் அதே பணத்தில் அதனிலும் திறமான ஒன்று. ஆகவே பாகங்களாகவே வாங்கினோம். பத்தாம் பதினோராம் தரங்களில் கற்கும் மாணாக்கர் அறுவர் ஒரு சனிக்கிழமை காலை மேசையைச் சுற்றி நின்று அதனைப் பூட்டி முடித்தனர். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினர். யாமும் தட்டினோம்.

அன்பர்களுட் கணினித்துறை வல்லுநர் பலர் இருப்பர். அவர்கள் இவ்விடத்திற் புன்னகை செய்வர் என்பதும் எமக்குத் தெரியும். விசிறி சுழல்வது வேறு, பணிசெயல் முறைமை நிறுவப்படுவது வேறு. ஒன்று வீடு கட்டுதல். மற்றையது அவ்வீட்டிற் குடிபுகுதல்.

முதல் நான்கு நாள் நிறுவியின் கண்ணுக்கு வன்தட்டே தென்படவில்லை. பயோஸ் திரையில் அது பெயருடன் நிற்கின்றது. நிறுவியின் திரையிலோ பட்டியல் வெறுமையாக இருக்கின்றது. தட்டைக் கழற்றிப் பூட்டினோம். திரும்பவும் கழற்றிப் பூட்டினோம். காரணம் தட்டில் இல்லை. ஏறத்தாழ 11ஆம் தலைமுறை இன்டெல் புரொசஸர்கள் தொட்டு, தட்டுக்கும் புரொசஸருக்கும் நடுவே வீ.எம்.டி. எனப்படும் ஒரு காவற்காரனை நிறுத்தும் வழக்கம் வந்துள்ளது. அக்காவற்காரனோடு பேசும் மொழி நிறுவிக்குத் தெரியாவிடின் தட்டு அதன் கண்ணுக்குப் புலனாகாது. அதற்குரிய இயக்கியைப் பென் ட்ரைவில் இட்டுக் கொடுத்தல் வேண்டும், அல்லது பயோசில் அவ்வமைப்பை நிறுத்திவிடல் வேண்டும். பின்னதைச் செய்தோம், தட்டுத் தோன்றிற்று.

மகிழ்ச்சி ஒரு மணிநேரமும் நிலைக்கவில்லை. கோப்புகளைப் படியெடுக்குங்கால் நிறுவி இடையிலே நின்று, ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தலைக் காட்டிற்று. கோப்பு 'கொரப்ட்' ஆகிவிட்டது என்பது அதன் சாரம். மாணவன் ஒருவன் அகராதியைப் புரட்டி, அச்சொல்லுக்கு 'இலஞ்சம் வாங்கும், ஊழல் மிக்க' என்று பொருள் கண்டான். "சேர், இதுக்குள்ளயும் ஊழலா?" என்றான். அறுவரும் சிரித்தனர். யாம் சிரிக்கவில்லை. சிதைந்த கோப்பு என ஒரு சொல் தமிழில் அத்திரையில் இருந்திருப்பின் அப்பிள்ளைகளுக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

இனி எம் வழுவைக் கூறுகின்றோம்.

மலைநாட்டார் எதற்கும் பனிமூட்டத்தைக் குறைகூறுவது வழக்கம். வானொலி கரகரத்தால் பனி; மணிக்கூடு நின்றால் பனி; பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாது வந்தாலும் பனி. யாமும் அவ்வாறே முதலிற் பனியைப் பழித்தோம். இரவிற் கணினியைக் கம்பளியாற் போர்த்தி வைத்தோம். பயனில்லை. அடுத்து மின்சாரத்தைப் பழித்தோம். ஏழாம் நாள் பழிப்பதற்கு வேறொன்றும் எஞ்சாதபோது, நினைவகத் துண்டுகளைப் பூட்டிய மாணவியைப் பழித்தோம். "நீ ஈரக் கையோடு தொட்டிருப்பாய், பிள்ளை" என்று மற்றைய ஐவரின் முன்னிலையிற் கூறினோம். அவள் மறுத்துப் பேசவில்லை. "சேர், ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துலதான் நிக்குது" என்று மாத்திரம் சொன்னாள். அதனை யாம் செவியில் ஏற்கவில்லை. மறுநாள் தொட்டு அவள் கணினி அறைக்கு வரவில்லை. கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள் அவள். உடைந்த பொருளின் விலையைப் பாடசாலை தன்னிடம் கேட்குமோ என அத்தாய் அஞ்சியதாகப் பின்னரே அறிந்தோம். அத்துண்டின் விலை அவளுடைய ஒரு கிழமைக் கூலிக்கு மேற்பட்டது.

பத்தாம் நாள் இரவு தமிழ்க் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். அம்மாணவியின் கொப்பியின் பின்னட்டையில் 23, 61, 44, 8, 57 எனப் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. நிறுவி எத்தனை விழுக்காட்டில் நின்றது என்பதை அவள் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்திருந்தாள்! ஏழு நாளாக அத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எமக்கு அது தோன்றவில்லை.

அவ்வெண்களைக் கண்டபோது எம் நினைவுக்கு வந்தது கணினி நூலன்று; ஏட்டுச்சுவடி. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் வெளியிட்டார். அப்பெரியார்கள் செல்லரித்த ஏடுகள் பலவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடபேதம் நோக்கியவர்கள். ஏடுகளை ஒப்புநோக்குவோர் யாவரும் அறிந்த முறையொன்று உண்டு. பல படிகளிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அப்பிழை பெரும்பாலும் அவற்றுக்கெல்லாம் தாயாகிய மூலப்பிரதியில் உள்ளது. படிதோறும் வெவ்வேறிடத்திற் பிழை காணப்படின் மூலம் பழுதற்றது; பிழை எழுதுவோன் கண்ணிலோ கையிலோ உள்ளது. ஆண்டுதோறும் வகுப்பில் யாம் விளக்கிவரும் செய்தியே இது! நிறுவி எப்போதும் ஒரே விழுக்காட்டில் நின்றிருப்பின் பென் ட்ரைவிலுள்ள மூலக்கோப்பை ஐயுறலாம். வெவ்வேறிடத்தில் நின்றமையின் ஐயுறற்குரியது படியெடுப்போன், அதாவது நினைவகம்.

அன்றிரவே கணினி அறையைத் திறந்து, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்னும் செயலியை ஓடவிட்டோம். விடியற்காலைக்குள் வழுக்கள் நூற்றுக்கணக்கிற் குவிந்திருந்தன. துண்டுகளை ஒவ்வொன்றாகத் தனித்துப் பூட்டிச் சோதித்தோம், இரண்டும் தவறின. இரு புதிய துண்டுகளும் ஒருங்கே பழுதாதல் அரிது. ஆகவே பழுது துண்டுகளில் இல்லை, அவற்றை ஆட்டுவிக்கும் முறையில் உள்ளதெனக் கருதிப் பயோசைத் திறந்து பார்த்தோம். நினைவகத்தின் வேகம் 3,600 என்றிருந்தது. உறையில் அச்சிட்ட வேகம் அதுவே. ஆனால் தனியொரு அமைப்பை முடுக்கினாலன்றி அவ்வேகம் வாராது. எக்ஸ்.எம்.பி. என்பது அதன் பெயர். மதர்போட்டும் புரொசஸரும் தாங்குமாயின் அது நன்று. தாங்காவிடின் கணினி நடப்பது போல் நடந்து, பாரமான வேலை வந்ததும் எழுத்தை மாற்றி எழுதத் தொடங்கும். அதனை முடுக்கியவர் யார்? மாணவியல்லள். முதல் நாள் மாலை பிள்ளைகள் வீடு சென்ற பின், காணொளி ஒன்றைப் பார்த்து, கொடுத்த பணத்துக்கு முழு வேகமும் கிடைக்கட்டுமென்று அதனை முடுக்கியவர் இக்கட்டுரையை எழுதுபவரே.

இயல்பு வேகத்துக்கு மீட்டோம். மெம்டெஸ்டைத் திரும்ப ஓடவிட்டோம். அன்று பகல் முழுதும் இரவு முழுதும் ஒரு வழுவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை அரை மணிநேரத்துள் நிறுவல் முடிந்தது. அதற்கு முன்னதாக அம்மாணவியை வகுப்பிலிருந்து அழைப்பித்து, ஐவரின் முன்னிலையிற் பழித்தோம் ஆதலின் அதே ஐவரின் முன்னிலையில் எம் பிழையை ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் கலாசாலையிற் பயின்று பயிற்சிச் சான்றிதழ் பெற்ற காலத்தில், மாணாக்கர் பிழையைத் திருத்தும் முறைகள் பலவற்றை எமக்குக் கற்பித்தனர். இதனைக் கற்பித்திலர்.

எமது கருத்து இதுவே. கணினிக் கல்வியென நாம் இந்நாளிற் கற்பிப்பது பெரும்பாலும் பழுதற்ற கணினியை இயக்கும் கல்வி. பழுதுற்ற கணினியின் முன் என் செய்வது என்பதை எப்பாடத்திலும் போதிய அளவு கற்பிப்பதில்லை. பழுது வந்ததும் பட்டணத்துக் கடைக்குத் தூக்கிச் செல்கின்றோம். அவர் 'போட் போய்விட்டது' என்றால் தலையாட்டிப் பணம் கொடுத்து வருகின்றோம். தமிழ் இலக்கணம் இவ்வகையில் மேலானது. வழாநிலையைக் கூறிய வாயால் வழுவையும் கூறிற்று. திணைவழு, பால்வழு, இடவழு, காலவழு என வழுவுக்கே வகை வகுத்தது. வழுவமைதிக்கும் இடம் வைத்தது. நூலுக்குரிய குற்றங்கள் பத்தென எண்ணிக் காட்டியது நன்னூற் பாயிரம். பிழையை எண்ணவும் பெயரிடவும் வல்ல ஒரு மரபில் வந்தோர், கணினியின் பிழையைக் கண்டு பனிமூட்டத்தைப் பழிப்பது நாணத்தக்கது.

மலைநாட்டின் வரலாறே இதற்குச் சான்று பகரும். இம்மலைகளில் முன்னர் விளைந்தது காப்பி. 1869ஆம் ஆண்டிற் காப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடி படியும் நோய் காணப்பட்டது. மண் வளம் குன்றியது என்றும் காலநிலை மாறியது என்றும் பலவாறாகக் காரணம் கூறினர். 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்னும் இளந் தாவரவியலாளர் இங்கு அனுப்பப்பட்டார். அவர் மரங்களிடையே ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, காற்றிலே பறந்துவரும் நுண்வித்துகளைப் பிடித்துக் காட்டினார். நோய்க்குக் காரணம் மண்ணன்று, வானமன்று, ஒரு பூஞ்சணம் என்று நிறுவினார். காப்பியைக் காப்பாற்ற அவரால் இயலவில்லை என்பது உண்மை. காப்பி மடிந்து தேயிலை ஓங்கிற்று. தேயிலையின் பெருக்கத்தோடு நம் மக்களின் வரலாறு பிணைந்தது. ஆயினும் காரணம் அறியப்பட்டது. அக்கண்ணாடித் துண்டுக்கும் எம் மாணவியின் பின்னட்டை எண்களுக்கும் உறவு உண்டென்றே யாம் கருதுகின்றோம்.

"இவையெல்லாம் ஆங்கிலத்திற் கற்க வேண்டியவை, தமிழில் இயலுமோ?" என்பார் சிலர். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மனித உடலின் என்பும் நரம்பும் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் அறிவியற் பாடங்களுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். பணிசெயல் முறைமை என்னும் சொல்லும் இன்று நம் பாடநூலில் உள்ளது. தமிழகத்தார் அதனையே இயங்குதளம் என்பர். இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கில் யாம் புகவில்லை. எம் மாணாக்கர் இரண்டையும் விட்டு 'ஓ.எஸ்.' என்கின்றனர், அதுவும் எமக்கு உடன்பாடே. பெயர் எதுவாயினும் பழுதின் வரலாற்றைத் தம் மொழியில் வரிசைப்பட எழுதத் தெரிதல் வேண்டும். எதைச் செய்தோம், என்ன கண்டோம், அடுத்து எதை மாற்றினோம் என மூன்று வாக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றுதல். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டு எது பயன் தந்தது என்று விழிப்பவன் சோதிக்கவில்லை, சூதாடுகின்றான். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியொன்றுள் அகப்பட்ட விட்டிற்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர் என்பது பலரும் அறிந்த கதை. பூச்சியைக் கண்டதை எல்லாரும் வியப்பர். யாம் வியப்பது குறிப்பேடு இருந்தமையை.

எம் பாடசாலையிலும் அத்தகைய வழுக்குறிப்பேடு ஒன்று இப்போது உள்ளது. அதிற் பிள்ளைகள் எழுதியவற்றுட் சில பிறருக்கும் பயன்படும். நிறுவற் கோப்பை இறக்கியதும் அதற்கென வெளியிட்ட 64 எழுத்துச் சரிபார்ப்புத் தொடரோடு ஒப்பிடுக. ஓரெழுத்து மாறினும் திரும்ப இறக்குக. ஃபாட் 32 முறையில் வடிவமைத்த பென் ட்ரைவ் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. விண்டோசின் பெருங்கோப்பு அவ்வெல்லையைக் கடத்தல் உண்டு. பழைய கணினியிலிருந்து கழற்றிய தட்டை இட்டால், அதன் பிரிவுப் பட்டியல் 1983ஆம் ஆண்டு வந்த எம்.பி.ஆர். முறையினதாக இருக்கலாம், யூ.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் விண்டோஸ் நிறுவி ஜீ.பி.டி. முறையையே கேட்கும். மாற்றுமுன் தட்டிலுள்ளவற்றைப் படியெடுத்து வைத்துக்கொள்க. இவ்வரியின் கீழ் ஒரு மாணவன் சிவப்பு மையில் இருமுறை கோடிட்டுள்ளான். அதன் காரணத்தை யாம் வினவவில்லை.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இன்னும் பத்துக் கணினிகளை, அனைத்தும் நிறுவி முடித்து, பெட்டியை மூடி அனுப்பக் கருதியுள்ளதாக அறிகின்றோம். அன்புக்கு நன்றி. அவற்றுள் மூன்றையாயினும் பாகங்களாக அனுப்புக. ஒரு நினைவகத் துண்டு மேலதிகமாக வைத்து, 'இது உடைந்தால் ஒருவரும் விலை கேட்கமாட்டார்' என்று ஒரு கடிதமும் எழுதி அனுப்புக. அக்கடிதம் கணினியினும் பெறுமதி வாய்ந்தது. ஏழைப் பிள்ளை சோதனை செய்யாமைக்குக் காரணம் அறிவின்மையன்று. உடைந்தால் யார் கொடுப்பது என்னும் அச்சமே. அவ்வச்சத்தின் மேல் எம் போன்ற ஆசிரியர் ஒரு சுடுசொல்லையும் வைத்தால், கை நீளுமோ?

செலவு மிகுமே என்பார்க்கும் ஒரு வார்த்தை. எம்மிடம் முன்னரே எட்டுப் பழங்கணினிகள் உள. அவை விண்டோஸ் 10 உடையவை. அதற்குரிய பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டீ.பி.எம். 2.0 என்னும் காவற்சில்லையும் புதிய புரொசஸரையும் கேட்கின்றது. இவ்வெட்டிலும் அவை இல்லை. கழிவுக்குக் கொடுத்துவிடலாம் என்றனர் சிலர். யாம் இணங்கவில்லை. லினக்ஸ் வழியில் வந்த டெபியனின் நிறுவி, தொடக்கத்திலேயே தமிழைத் தெரிந்துகொள்ள இடங்கொடுக்கின்றது. முதற் பழங்கணினியில் அதனை நிறுவியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இடையில் வந்த ஓர் அறிவித்தலைப் படித்துவிட்டு, "சேர், இதுல சந்தி பிழையா இருக்கு" என்றாள். யாம் எழுந்து சென்று பார்த்தோம். பிழையே.

இம்மலர் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில் ஐந்து பழங்கணினிகள் இயங்குகின்றன. ஆறாவது இன்னும் இணங்கவில்லை. அதன் மணிக்கூட்டு மின்கலம் தீர்ந்து, ஒவ்வொரு நாளும் நாள் பிந்திக் காட்டுகின்றது. ஆயினும் பழுது அது மாத்திரமன்று என்பது பிள்ளைகளின் ஐயம். நேற்றுப் பனிமூட்டம் பலகணிவரை வந்திருந்தது. ஒருவரும் அதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் 23ஆம் பக்கம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.